நிமிடத்துக்கு ஆறு சொட்டு

அக்கா, இந்த பஸ் பத்தேகாலுக்கு அருப்புக்கோட்டை போய்விடும் இல்லையா? கண்டக்டரிடம் கேட்டேன். "போவும்மா, போவும்" என்கிறார். போகும் என்பது எனக்கும் தெரியும். எத்தனை மணிக்கு என்பதுதான் தெரிய வேண்டும்.

ஒன்றேகால் மணி நேரமா? அப்படியானால் நான் போட்ட கணக்குச் சரிதான். மாட்டுத்தாவணியில் ஒன்பதுக்கு எடுத்தார்கள். பத்தேகாலுக்கு அருப்புக்கோட்டை. அங்கிருந்து ஆட்டோவில் வீட்டுக்கு ஐந்து நிமிடம். மாடி ஏற ஒரு நிமிடம். வேலை என்று பார்த்தால் ஒரு நிமிடம்கூட இல்லை, ஓர் ஊசியால் ஒரு ஓட்டை போட வேண்டும், அவ்வளவுதான். அதே ஆட்டோவை நிற்கச் சொல்லித் திரும்பினால் பத்தரைக்கு மதுரை பஸ். பதினொன்றே முக்காலுக்கு மாட்டுத்தாவணி. ஆஸ்பத்திரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில்தான். பன்னிரண்டு மணிக்குத்தான் அம்மாவை ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோகிறார்கள்.

ஆமாம், இன்றைக்குத்தான். கர்ப்பப்பையை எடுக்கிறார்கள்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? தனியாக விட்டுவிட்டு வரவில்லை. பக்கத்துக் கட்டிலில் ஓர் அம்மா இருக்கிறார், அவருடைய மருமகளிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறேன். நல்ல பெண். "நீங்க போயிட்டு வாங்க, நான் பாத்துக்கிறேன்" என்றாள். எங்கே போகிறேன் என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கையெழுத்துப் போட வேண்டிய காகிதத்தில் எல்லாம் காலையிலேயே போட்டுக் கொடுத்துவிட்டேன். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பிச் சொல்லியிருந்தால் விட்டிருக்க மாட்டாள். இல்லை, விட்டிருப்பாள். அவளுக்காகத்தானே போகிறேன்.

செடிக்காக, அக்கா. வீட்டில் நாற்பத்தொரு தொட்டி இருக்கிறது.

நான் இப்படி யாரிடமும் பேசுகிறவள் இல்லை. என்னோடு படித்தவர்களைக் கேட்டால் என் குரலே ஞாபகம் இல்லை என்பார்கள். பேசாமல் உட்கார்ந்தால் நிமிடத்துக்கு ஒருதடவை மணி பார்க்கிறேன். பாருங்கள். அதனால் பேசுகிறேன். உங்களுக்குத் தொந்தரவாக இருந்தால் சொல்லுங்கள்.

என் பெயர் ரதி. பிஸிக்ஸ் படித்திருக்கிறேன். ஒரு பள்ளிக்கூடத்தில் லேப் அசிஸ்டண்டாக இருக்கிறேன். வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான். மாடி வீடு, வாடகைக்கு. முன்னால் மொட்டை மாடி முழுக்க அம்மாவின் செடி. தொட்டி என்றால் கடையில் வாங்குகிற தொட்டி இல்லை. பெயிண்ட் வாளி, விரிசல் விட்ட குடம், மீன் வருகிற தெர்மோகோல் பெட்டி. செம்பருத்தி, கனகாம்பரம், பன்னீர் ரோஜா, கறிவேப்பிலை, மருதாணி, எது கேட்டாலும் இருக்கும். அம்மா காலையில் ஒரு சுற்று, சாயங்காலம் ஒரு சுற்று தண்ணீர் ஊற்றுவாள். தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கும்போதே எழுந்து போய் ஒரு தொட்டியைத் திருப்பி வைத்துவிட்டு வருவாள்.

போன வருஷம் ஆடியிலிருந்து அம்மாவுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. சொல்லவே இல்லை. துவைக்கிற துணியைப் பார்த்துத்தான் நான் கண்டுபிடித்தேன். டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டுக் கட்டி இருக்கிறது, கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும், எடுத்தபின் கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார். ரத்தம் வேறு ஆறு பாயிண்டுக்கு இறங்கியிருந்தது. முதலில் ரத்தம் ஏற்றி, உடம்பைத் தேற்றி, அப்புறம் ஆபரேஷன். எல்லாம் சேர்த்துப் பத்துப் பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். மார்ச் கடைசியில் ஒரு தேதி கொடுத்தார்.

அம்மா வீட்டுக்கு வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "அப்ப செடிக்கு யாரு தண்ணி ஊத்துவா?"

பயம், அக்கா. அம்மாவுக்குப் பயம். ஆனால் அதை ஒத்துக்கொள்ள மாட்டாள். செடி, செடி என்பாள். பயப்படுகிறவர்கள் எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொள்வார்கள் இல்லையா, இவள் செடியைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அது முதல் நாளே புரிந்துவிட்டது. நான் சத்தம் போடவில்லை. அந்தக் காரணத்தை எடுத்துவிட்டால் அவளுக்குச் சொல்ல வேறு காரணம் இருக்காது என்று நினைத்தேன். படித்தவள் அப்படித்தானே யோசிக்க வேண்டும்.

கீழ் வீட்டு ஜெயக்கொடி அக்கா, அவர்கள்தான் வீட்டுக்காரர், "நான் ஊத்துறேன் செல்லக்கனி, நீ நிம்மதியாப் போயிட்டு வா" என்று அன்றைக்கே அம்மாவிடம் சொன்னார். வேண்டாம் என்று சொன்னது நான்தான். அவருக்கு முழங்கால் வலி. அதோடு ஒருநாள் ஊற்றுவார், மறுநாள் மறந்துவிடுவார். அம்மா நான்கு நாள் கழித்து அதையே சாக்காகச் சொல்லி எழுந்து வந்துவிடுவாள். ஆள் கையில் விடக்கூடாது. தானாக நடக்க வேண்டும். கரண்ட் இல்லாமல், மோட்டார் இல்லாமல், மேலே தண்ணீர், கீழே செடி, நடுவில் குழாய். தண்ணீர் கீழ்நோக்கித்தான் ஓடும், அதற்கு யாரும் ஞாபகப்படுத்த வேண்டாம்.

முதலில் பாட்டில் வைத்துப் பார்த்தேன். மூடியில் ஓட்டை போட்டு மண்ணில் தலைகீழாகச் செருகி வைத்தேன். மூன்று மணி நேரத்தில் எல்லாம் காலி. அம்மா வெறும் பாட்டில்களைப் பார்த்துவிட்டு, "இது என்னடி, கல்யாண வீட்டுப் பந்தி முடிஞ்ச மாதிரி இருக்கு" என்றாள். அடுத்தது திரி. பழைய வேட்டியைக் கிழித்து, வாளியில் ஒரு முனை, தொட்டியில் ஒரு முனை. அது ஒருநாள் ஓடியது. மறுநாள் வெயிலில் திரி நடுவிலேயே காய்ந்து அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. அதற்குள் மார்ச் தேதி போய்விட்டது. டாக்டர் ஏப்ரலில் ஒரு தேதி கொடுத்தார். அம்மா வீட்டில் கிடந்தாள், ரத்தம் போய்க்கொண்டே இருந்தது. படியேறினால் மூச்சு வாங்கினாள். உதடு வெளுத்துவிட்டது. நான் மாடியில் திரி திரித்துக்கொண்டிருந்தேன்.

வேறு என்ன செய்வது, சொல்லுங்கள். செடிக்கு வழி பண்ணாமல் அவள் வரமாட்டாளே.

அப்புறம்தான் ஐவி செட் யோசனை வந்தது. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுவார்களே, அந்த டியூப். அதில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும், அதை உருட்டினால் சொட்டைக் கூட்டலாம், குறைக்கலாம். ஒவ்வொரு செடிக்கும் ஒன்று. மெடிக்கல் கடையில் வாயால் கேட்கக் கூச்சமாக இருந்தது, ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். கடைக்காரர் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நாப்பத்தொண்ணா? யாருக்கும்மா, ஊருக்கே வாந்திபேதியா?"

பணத்தை எண்ணி வைத்தேன். செம்பருத்திக்கு என்று எப்படிச் சொல்வது?

பழைய தண்ணீர்த் தொட்டி நின்ற செங்கல் மேடை ஒன்று மாடியில் இடுப்பு உயரத்துக்கு இருக்கிறது. அதன்மேல் இருநூறு லிட்டர் நீல டிரம். ஜெயக்கொடி அக்காவும் நானும்தான் காலி டிரம்மைத் தூக்கி வைத்தோம். அடியில் ஓட்டை போட்டு, கொத்தனார்கள் மட்டம் பார்ப்பார்களே, லெவல் டியூப், அதைச் செருகி எம்-சீல் போட்டு அடைத்தேன். டியூப்பை மாடிச் சுவர் ஓரமாகச் சுற்றிக் கட்டினேன். பின்னூசியைச் சுட்டுச் சுட்டு அதில் நாற்பத்தொரு ஓட்டை. ஒவ்வோர் ஓட்டையிலும் ஓர் ஐவி செட். விரலெல்லாம் கொப்புளம்.

முதலில் போர் தண்ணீர் விட்டேன். எங்கள் பக்கம் உப்புத் தண்ணீர், மூன்றே நாளில் டியூப் முனையில் வெள்ளையாகப் பூத்து அடைத்துக்கொண்டது. அம்மா ஒரு முனையைக் கிள்ளி எடுத்து வெயிலில் தூக்கிப் பார்த்தாள். "உப்பளம் போட்டிருக்க" என்றாள். ஏப்ரல் தேதியும் போய்விட்டது.

அன்றைக்கு நான் அழுதேன். அம்மாவுக்குத் தெரியாமல் குளியலறையில் அழுதேன். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். "இன்னொரு தடவை தள்ளிப்போட்டீங்கன்னா என்கிட்ட வராதீங்க. உள்ள என்ன வளருதுன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது." நான் அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் பயந்துவிடுவாள்.

இந்த ஆஸ்பத்திரி விஷயமெல்லாம் எனக்குப் புதிது இல்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் அப்பாவுக்குக் குடலிறக்கம். சின்ன ஆபரேஷன் என்றுதான் சொன்னார்கள். நடந்துதான் உள்ளே போனார். வாட்சைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். வெளியே நான்தான் உட்கார்ந்திருந்தேன். அம்மா ஊரில் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்து, யார் அட்டெண்டர் என்று கேட்டபோது… அதை விடுங்கள். அது வேறு விஷயம். நான் டிரம்மைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நல்ல தண்ணீர் எங்கள் தெருவில் ஆறு நாளைக்கு ஒருமுறைதான் வரும். வருகிற அன்றைக்குக் கீழேயிருந்து பதினெட்டு வாளி தூக்கிக்கொண்டு போய் டிரம்மை நிரப்பினேன். உட்கார்ந்து சொட்டை எண்ணினேன். நிமிடத்துக்கு எட்டுச் சொட்டு வைத்தால் எட்டு நாளில் டிரம் காலி. ஆறு சொட்டு என்றால் பதினொரு நாள் வரும். ஆறு சொட்டு. நாற்பத்தொரு சக்கரத்தையும் ஒவ்வொன்றாக உருட்டி உருட்டி ஆறு சொட்டுக்குக் கொண்டுவந்தேன். கடைசித் தொட்டிக்குப் போவதற்குள் முதல் தொட்டி ஏழாகிவிடும். திரும்பவும் முதலிலிருந்து. லீவு விட்டிருந்ததால் நாள் முழுக்க அதுதான் வேலை. அம்மா வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள்.

"ரோஜாவுக்கு ஆறு பத்தாதுடி."

"ஏழு வைக்கிறேன்."

"கத்தாழைக்கு எதுக்கு ஆறு? அழுகிரும்."

"மூணு வைக்கிறேன்."

"சாப்பிட்டு வந்து வையேன். செடி எங்கயும் ஓடிராது."

இப்படி ஏதாவது ஒரு குறை சொல்லிக்கொண்டே இருப்பாள். அவளைத் திருப்திப்படுத்தவே முடியாது. கடைசியில் நான்கு நாள் நிற்காமல் ஓடியது. அத்தனை தொட்டியிலும் மண் கறுப்பாக, ஈரமாக இருந்தது. அம்மா கனகாம்பரத் தொட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "சரி, போவோம்" என்றாள். அவ்வளவுதான். எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? பரீட்சையில் அப்படி இருந்ததில்லை.

காரியாபட்டியா இது? பத்து நிமிடம் நிற்குமா? எதற்குப் பத்து நிமிடம்? டிரைவர் டீ குடிக்கவா? அவரிடம் யாராவது சொல்லக்கூடாதா? இல்லை, வேண்டாம், நீங்கள் கேட்க வேண்டாம். குடிக்கட்டும். என் கணக்கில் கால் மணி நேரம் கூடுதலாக வைத்திருக்கிறேன்.

எங்கே விட்டேன்? போவோம் என்றாள். சனிக்கிழமை. அன்றைக்கு மத்தியானம் டெங்கு வேலைக்கு வருகிற இரண்டு பெண்கள் மாடிக்கு வந்தார்கள், வீட்டு வீட்டுக்குத் தொட்டியைப் பார்த்துக் கதவில் சாக்பீஸால் தேதி எழுதுவார்களே, அவர்கள். ஒருத்தி சுற்றிப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, கவர்மெண்ட் வார்டு மாதிரி இருக்கு. எல்லாம் என்ன பேஷண்ட்டு?" என்று சிரித்தாள். இன்னொருத்தி சிரிக்கவில்லை. டிரம்மைத் தட்டிப் பார்த்து, "இத இப்பிடித் தட்டு வச்சு மூடிட்டுப் பத்து நாள் ஊருக்குப் போனீங்கன்னா அம்புட்டும் புழுதான். வந்து கவுத்துவிட்டுட்டுப் போயிருவோம், சொல்லிட்டேன்" என்றாள்.

கவிழ்த்துவிட்டால் என்ன ஆகும்? இரண்டரை மாதம். இரண்டு தேதி. பதினெட்டு வாளி.

அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்புவதற்கு முன்னால், பிடித்து வைத்திருந்த தண்ணீரால் டிரம்மை மறுபடி நிரப்பி, அதன் வாயில் கனமான பாலித்தீன் இரண்டு சுற்றுப் போட்டு, சைக்கிள் டியூப்பால் இறுக்கி, இறுக்கி, அதற்குமேல் கயிறும் கட்டினேன். கொசு இல்லை, எறும்புகூடப் போக முடியாது. அவ்வளவு கச்சிதம். அம்மா கீழே ஆட்டோவில் காத்திருந்தாள். நான் ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். நாற்பத்தொன்றும் சொட்டிக்கொண்டிருந்தது. பூட்டிவிட்டு வந்தேன்.

இந்த நான்கு நாளில் அம்மா ஒருமுறைகூடச் செடியைப் பற்றிக் கேட்கவில்லை, அக்கா. ஒருமுறைகூட. அவ்வளவு நம்பிக்கை என்மேல். ரத்தம் ஏற்றிய கையைப் பார்த்துக்கொண்டு, பக்கத்துக் கட்டில்காரர்களோடு கதை பேசிக்கொண்டு, நிம்மதியாக இருந்தாள். எனக்குத்தான் தூக்கம் இல்லை.

இன்று காலை எட்டரை மணி. அம்மாவுக்கு ஒரு பாட்டில் ஏறிக்கொண்டிருந்தது. நான் சும்மா சொட்டை எண்ணிக்கொண்டிருந்தேன், பழக்கம் ஆகிவிட்டது. திடீரென்று மெதுவாகி, மெதுவாகி, நின்றுவிட்டது. பாட்டிலில் பாதி இருக்கிறது. ஆனால் சொட்டு இல்லை. ஓடிப்போய் நர்ஸைக் கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்தார், பாட்டில் இரண்டு பக்கமும் ஒட்டி உள்ளே போயிருந்தது. ஓர் ஊசியை எடுத்துப் பாட்டிலின் மேல்பக்கம் சதக்கென்று குத்தினார். உஸ் என்று ஒரு சத்தம். சொட்டு விழ ஆரம்பித்துவிட்டது.

"காத்து உள்ள போவ வழி இல்லாம தண்ணி எப்படிம்மா எறங்கும்? பிஸிக்ஸ் படிச்ச பொண்ணுன்னு உங்கம்மா சொன்னாங்க" என்றார்.

டிரம்மில் நான் கட்டிய கட்டுதான் கண்முன்னால் வந்தது. வருஷா வருஷம் ஜூன் மாதம் ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு தகர டப்பா எடுத்து வைக்கிறவள் நான். மேலே ஓர் ஓட்டை, கீழே ஓர் ஓட்டை. மேல் ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்தால் கீழே தண்ணீர் நின்றுவிடும். பிள்ளைகள் கைதட்டுவார்கள். வகுப்பு முடிந்ததும் அந்த டப்பாவைக் கழுவி அலமாரியில் வைப்பதும் நான்தான்.

நான்கு நாள், அக்கா. கத்திரி வெயில். கட்டியபோது ஓடியது, சரி. எவ்வளவு ஓடியிருக்கும்? ஒரு குடம்? அதற்குள் பாலித்தீன் குழிந்து இறுகியிருக்கும். அதற்குமேல் ஒரு சொட்டு இறங்கியிருக்காது. டிரம் நிறைய தண்ணீர் இருக்கிறது. பக்கத்திலேயே செடி காய்ந்துகொண்டிருக்கிறது. கனகாம்பரம் ஒருநாள் தாங்காது. அம்மா கண் விழித்ததும் கேட்பாள் இல்லையா? மயக்கம் தெளிந்து கேட்கிறபோது நான் என்ன சொல்வது?

அதுதான், உடனே கிளம்பிவிட்டேன்.

என்ன கேட்டீர்கள்? ஜெயக்கொடி அக்காவுக்குப் போன் செய்து…

செய்யலாம். ஆனால் சாவி என் பையில் இருக்கிறது. பூட்டை உடைக்கச் சொல்லலாம், ஆமாம், அவர்கள் வீடுதான். ஆனால் அவருக்கு முழங்கால் வலி என்று சொன்னேனே. அவருடைய கணவர் இருக்கிறார், ஆனால் இந்நேரம் கடைக்குப் போயிருப்பார். அதோடு அவர்களுக்குப் புரியாது. ஊசியால் ஒரு சின்ன ஓட்டை போதும் என்றால் பாலித்தீனையே பிய்த்து எறிந்துவிடுவார்கள், டெங்கு ஆட்கள் வந்து கவிழ்த்துவிடுவார்கள். இது நான் செய்ய வேண்டிய வேலை. எந்த இடத்தில் குத்த வேண்டும் என்று எனக்குத்தான் தெரியும்.

எட்டரைக்கே அங்கிருந்து போன் செய்திருக்கலாம், சரிதான். தோன்றவில்லை. வராண்டாவுக்கு வந்தேன். தியேட்டருக்கு வெளியே பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அதைத் தாண்டித்தான் படி. இறங்கினேன், பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டேன்.

ஊசி? பாருங்கள், ஊசியே கொண்டுவரவில்லை. பின்னூசி இருக்கும், சேலைக்குக் குத்தியிருக்கிறீர்களே, ஒன்று கொடுப்பீர்களா? சரி, வீட்டில் இருக்கும். அம்மாவின் தையல் மிஷின் டிராயரில் இல்லாத ஊசியா?

எடுத்துவிட்டார்கள். நல்லவேளை. மணி ஒன்பது ஐம்பது. இன்னும் அரை மணி நேரம். பரவாயில்லை, பன்னிரண்டு என்றால் பன்னிரண்டுக்கே கொண்டுபோக மாட்டார்கள். எப்போதும் தாமதமாகும். எல்லாரும் சொல்கிறார்கள்.

போன் அடிக்கிறது. என்னுடையதுதான்.

அம்மா.

எடுக்கட்டுமா, அக்கா? எடுக்காவிட்டால் பயந்துவிடுவாள். எடுத்தால்… எடுக்கிறேன்.

"சொல்லும்மா. முழிச்சிட்டியா?… பக்கத்துலதான்… இல்ல, அது பஸ் சத்தம்… காரியாபட்டி தாண்டிட்டேன்மா… டிரம்முல காத்துப் போவ வழி இல்லம்மா, நான் இறுக்கிக் கட்டிட்டேன், தண்ணியே எறங்கியிருக்காது, ஒரு ஓட்டை போட்டுட்டு உடனே… என்னது?… எப்ப?… ஞாயித்துக்கிழமையேவா?… ம்… ம்… ஏம்மா என்கிட்ட… ம்… சரிம்மா… சரி… வைக்கிறேன்… இல்ல, நீயே வை."

வைத்துவிட்டாள்.

ஒன்றும் இல்லை, அக்கா. தண்ணீர் வேண்டாம். நன்றாகத்தான் இருக்கிறேன்.

தன்னிடம் இருந்த சாவியை ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஜெயக்கொடி அக்காவிடம் கொடுத்துவிட்டுத்தான் வந்தாளாம். நான் மாடியில் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது. ஜெயக்கொடி அக்கா தினமும் சாயங்காலம் மேலே போய் ஒவ்வொரு தொட்டிக்கும் செம்பால் ஊற்றுகிறாராம். முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறாராம். நேற்றுகூட அம்மாவுக்குப் போன் செய்து ரோஜா மொட்டு விட்டிருக்கிறது என்று சொன்னாராம். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ அம்புட்டுப் பாடுபட்டுச் செஞ்ச. அத நம்பலைன்னு உன் மொகத்தப் பாத்து எப்படிச் சொல்ல?" என்கிறாள்.

அப்படியானால் இத்தனை நாள் எதற்கு ரோஜாவுக்கு ஏழு, கற்றாழைக்கு மூன்று என்று உட்கார்ந்து சொன்னாள்? எதற்கு இரண்டு தேதி போனது? எனக்குப் புரியவில்லை. நான் செடிக்காகத்தான் வந்தேன், அக்கா. நீங்கள் நம்புகிறீர்கள் இல்லையா?

இன்னொன்றும் சொன்னாள். அவளுக்கு முன்னால் இருந்த வேறொருவரின் ஆபரேஷன் தள்ளிப்போய்விட்டதாம். அம்மாவைப் பதினொரு மணிக்கே கொண்டுபோகிறார்களாம். பச்சைத் துணி மாற்றிவிட்டார்களாம், வளையலைக் கழற்றிவிட்டார்களாம். நர்ஸ் இரண்டு முறை வந்து, உங்க பொண்ணு எங்கே என்று கேட்டாராம். மருந்து வாங்கப் போயிருக்கிறாள் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். நான் அங்கே இல்லை என்று யாரும் என்னைத் தப்பாக நினைக்கக்கூடாதாம்.

அப்புறம், "பயமா இருக்குடி. வந்துரு" என்றாள்.

அம்மா அப்படிச் சொன்னதே இல்லை. அப்பா போனபோதுகூடச் சொன்னதில்லை.

அக்கா, கொஞ்சம் நகர்ந்துகொள்கிறீர்களா? நான் இறங்க வேண்டும். தெரியும், இங்கே ஸ்டாப் இல்லை, இரண்டு பக்கமும் கருவேலங்காடுதான். அருப்புக்கோட்டை போய்த் திரும்பினால் பன்னிரண்டாகிவிடும். ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் நின்று கை காட்டுகிறேன். பஸ் நிற்காவிட்டால் கார் நிற்கும், லாரி நிற்கும். ஏதாவது ஒன்று நிற்கும்.

கண்டக்டர் அண்ணே, நிறுத்துங்கண்ணே. ஸ்டாப் இல்லைன்னாலும் பரவாயில்லைண்ணே, நிறுத்துங்க.

அக்கா, மருந்து வாங்கப் போனவள் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மணி நேரம் என்று சொன்னால் நர்ஸ் நம்புவாரா?